காமாலை இல்லாத கல்லீரல் நோய்

கல்லீரல் நோய் என்றதும் மஞ்சள் காமாலையே நம் நினைவுக்கு வருகிறது. கண்கள் மஞ்சளாகாதவரை கல்லீரலை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால், கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டானவர்களில் பலருக்குக் காமாலை வருவதே இல்லை. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், பசியின்மை, உடல் மெலிவு, வலப்புற விலாவுக்குக் கீழே மந்தமான வலி ஆகியவையே இதன் அறிகுறிகள். கட்டி உதரவிதானத்தை உறுத்தினால் வலத் தோள்பட்டை வலிக்கும். அதை வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தடவிக்கொள்வோரும் உண்டு. முதியவர்கள் சிலருக்கு வயிற்றுவலிகூட இராது.

குடலிலிருந்து திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலையே அடைகிறது. வயிற்றுக்குள் எங்கேனும் சீழ் பிடித்தால் கிருமிகள் அவ்வழியே அங்கு சென்று தங்கிவிடக்கூடும். ஆல்டன் ஆக்ஸ்னர், மைக்கேல் டிபேக்கி உள்ளிட்ட அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1938-இல் வெளியிட்ட ஆய்வில், குடல்வால் அழற்சியே இதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது. குடல்வால் அறுவை சிகிச்சையும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் பரவலான பிறகு அந்த இடத்தைப் பித்தநாள அடைப்பு பிடித்துக்கொண்டது. பித்தக்கல்லோ புற்றுக்கட்டியோ அடைத்துத் தேங்கிய பித்தத்தில் இ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும், பிராணவாயு இல்லாமலே வாழும் கிருமிகளும் சீழில் காணப்படுவதுண்டு. மூலகாரணம் பிடிபடாத நோயாளிகளும் கணிசமானோர்.

இவற்றுள் கிளெப்சியெல்லா நிமோனியே தனியே அஞ்சத்தக்கது. 1980-களில் தைவான் மருத்துவர்கள் இதைக் கவனப்படுத்தினர். பித்தநாளக் கோளாறு ஏதுமின்றியே, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, இது கல்லீரலில் கட்டியை உண்டாக்குகிறது. ரத்தத்தில் கலந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவவும் கூடும். காய்ச்சலோடு பார்வை மங்கினால் அதை அவசர நிலையாகவே கருத வேண்டும். சில நாள் தாமதம்கூடப் பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமீபாவும் கல்லீரலில் சீழ்க்கட்டியை ஏற்படுத்தும். மது அருந்தும் நடுத்தர வயது ஆண்களிடம் அது மிகுதி. அதற்கு மெட்ரோநிடசோல் மாத்திரையே பெரும்பாலும் போதும். பாக்டீரியா கட்டிக்கோ ஊசி வழியே சீழை வெளியேற்றுவதோடு, வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லியும் தேவைப்படுகிறது. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். எனவேதான் ரத்தத்திலும் சீழிலும் கிருமி வளர்ச்சோதனை அவசியமாகிறது. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கிய இரண்டு நாள் மாத்திரை, நோயைக் குணப்படுத்தாமல் அந்தச் சோதனையில் கிருமி தென்படாதபடி மட்டும் செய்துவிடக்கூடும். நீரிழிவு உள்ள ஒருவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் ஒரு வாரத்தைக் கடந்தும் நீடித்தால், அடுத்த மாத்திரைக்கு முன்னால் வயிற்றை ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை.