கொல்லையில் முளைத்த மணச்செடி: களையா, பயிரா?

மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாட்களில் கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் முன்பின் பார்த்திராத செடிகள் தலைகாட்டும். அவற்றுள் சில, கை பட்டாலே கமகமவென்று மணக்கும். களை என்று எண்ணி இவற்றைப் பிடுங்கி எறிவோர் உண்டு. மணம் நன்றாக இருக்கிறதே என்று இலையை மென்று பார்ப்போரும், ஆட்டுக்குப் போடுவோரும் உண்டு. இரு வழியிலும் நஷ்டம் நேரலாம். செடியை இன்னதென்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

மணத்தை மட்டும் நம்பலாகாது

உண்ணிச்செடியின் இலையைக் கசக்கினாலும் காட்டமான வாசனை வரும். ஆனால் அதை மேய்ந்த ஆடு மாடுகளுக்கு ஈரல் கெடும்; கண் மஞ்சளாகும்; வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து புண்ணாகும்; இறந்தும் போகலாம். தீவனத் தட்டுப்பாடு உள்ள காலத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். அதேபோல் 1950-களுக்குப் பிறகு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், பூக்கும் முன் பார்வைக்கு மாசிபத்திரியைப் போல இருக்கும். அதைத் தொட்டுப் புழங்குவோர் பலருக்குத் தோல் அரிப்பும், சிலருக்கு மூச்சுத் திணறலும் உண்டாகின்றன.

திருநீற்றுப்பச்சிலையின் அடையாளம்

தோட்டங்களில் தானாக முளைக்கும் நல்ல மணச்செடிகளில் ஒன்று திருநீற்றுப்பச்சிலை. உருத்திரச்சடை என்றும் இதைச் சொல்வர். துளசிக்கு நெருங்கிய உறவு. ஒன்றரை முதல் இரண்டு அடி வரை வளரும். இதைக் கண்டுகொள்ளக் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கவேண்டும்:

1. தண்டை விரலால் உருட்டினால் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக அமைந்திருக்கும்.

2. இலை துளசியை விடப் பெரியது, வழவழப்பானது. துளசித் தண்டில் மெல்லிய முடிகள் நன்றாகத் தெரியும். இதில் அநேகமாக இராது.

3. பூக்கள் கிளை நுனியில் கதிராக, அடுக்கடுக்காக வரும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் ஊதா.

4. கறுப்பு விதையைத் தண்ணீரில் போட்டால் கால் மணி நேரத்தில் உப்பி, ஜவ்வரிசி போல வழவழப்பாகும்.

உண்ணிச்செடிக்கும் தண்டு நான்கு பட்டைதான். ஆனால் அதன் இலை சொரசொரப்பாகவும், தண்டு பெரும்பாலும் முள்ளோடும் இருக்கும். பல நிறப் பூக்கள் கொத்தாக வரும். சாலையோரத் தரிசில் ஆள் உயரம் வளரும் ஊதாப்பூச் செடி ஒன்றின் விதையும் தண்ணீரில் இப்படியே உப்பும். அதன் தண்டில் முரட்டு முடிகளும், பூவின் அடியில் முள் போன்ற கூர்களும் இருக்கும். ஆகவே நான்கு அடையாளங்களும் சேர்ந்து பொருந்தினாலன்றி முடிவு செய்யலாகாது.

என்ன பயன்?

இதன் தழையைக் கதம்பத்தில் சேர்த்துக் கட்டுவர். விதைதான் கடைகளில் சப்ஜா என்று விற்பது. சர்பத்திலும் பலூடாவிலும் இதைச் சேர்ப்பர். நன்றாக ஊறவைத்த பின்பே உண்ணவேண்டும்; உலர்ந்த விதையை விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் திரண்டு வருவதால், தேன் பெட்டி வைத்திருப்போருக்கும் இச்செடி உதவும். பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பில் முளைத்த செடியானால், தழையையும் விதையையும் உணவுக்கு எடுக்கக் கூடாது. மருந்தாகத் தொடர்ந்து உட்கொள்ள விரும்புவோர் சித்த மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெருக்கும் முறை

விதை மிகவும் சிறியது. மணலுடன் கலந்து மேட்டுப்பாத்தியில் தூவி, லேசாக மூடி, பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும். நாற்றுகளை நான்கைந்து வாரத்தில் 40 செ.மீ. இடைவெளியில் நடலாம். தொழு உரம் இட்ட, நீர் தேங்காத மண் தேவை. தண்ணீர் நின்றால் வேர் அழுகும். தழை வேண்டுவோர் பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். விதை வேண்டுவோர் கதிர் பழுத்துக் காய்ந்ததும் அறுத்துத் துணியில் உலர்த்தித் தட்டி எடுக்கலாம்.

அருகில் இதே இனத்தின் வேறு ரகங்கள் இருந்தால் மகரந்தம் கலந்து, விதையிலிருந்து வரும் செடியின் மணம் மாறிவிடும். பிடித்த மணத்தை அப்படியே காக்க, பூக்காத நுனிக் கிளையை நான்கு அங்குல நீளத்தில் வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் ஊன்றினால் இரண்டொரு வாரத்தில் வேர்விடும்.

அடையாளத்தில் சந்தேகம் இருந்தால், பூவோடும் வேரோடும் ஒரு செடியை எடுத்துப் பழைய செய்தித்தாளில் மடித்து, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். விடை தெரியும்வரை வாயிலும் போடவேண்டாம், ஆட்டுக்கும் போடவேண்டாம்.