சிவப்புத் தரையும் ஈரத் தாளும்

நீர்வண்ண ஓவியம் சிறுவர்களுக்குரிய எளிய பொழுதுபோக்கு என்றே நாங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். வட்ட வில்லைகள் அடங்கிய வண்ணப் பெட்டியையும், இரண்டே நாளில் முடி உதிரும் தூரிகையையும் பள்ளிப் பருவத்தில் கையாளாதவர் நம்மில் அரியர். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, அறுபது வயதைக் கடந்த பின்னர், ஒரு வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபோதுதான் அறிந்துகொண்டோம்.

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள பழைய வீடொன்றின் இரண்டாம் தளத்தில் நாங்கள் 31 ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்தோம். பச்சை நிற மரச் சட்டங்கள் வரிசையாக அமைந்த சாளரக் கதவுகள், கருப்புக் கரையிட்ட சிவப்புத் தரை, குளியலறையில் நீர் தேக்கிவைக்கும் சிமென்ட்டுத் தொட்டி என அந்நகரின் பழைய வீடுகளுக்குரிய இலக்கணம் யாவும் அதற்கு இருந்தன. வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்ப உரிமையாளர் குடும்பத்தினர் முடிவுசெய்து, டிசம்பர் இறுதிக்குள் விடைபெறுமாறு ஜூன் மாதத்தில் கனிவோடு தெரிவித்தனர். கைப்பேசியில் படங்கள் எடுத்தோம்; அரை மணி நேரத்தில் வீடு முழுவதும் முடிந்துவிட்டது. அவ்வளவு விரைவில் முடிந்துவிட்டதே எங்களை உறுத்தியது. எனவே வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் என 24 தாள்களில், வெளியேறுவதற்குள் வீட்டை வரைந்து முடிப்பதென உறுதி செய்துகொண்டோம்.

எங்களுள் ஒருவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் உயிரியல் கற்பித்தவர். செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் எண்ணற்ற முறை வரைந்தவர். இருவருக்கும் வண்ணத்தில் பயிற்சி இல்லை. ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து, ஒரே வண்ணப் பெட்டியைப் பங்கிட்டுக்கொண்டோம்.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறத்தூளைக் கருவேல இனத்து மரத்தின் பிசினோடு சேர்த்து அரைத்த கலவை. பிசின், தூளைத் தாளோடு ஒட்டவைக்கிறது. தண்ணீர், அதைப் பரப்பிவிட்டு ஆவியாகிறது. எஞ்சி நிற்பது மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் படலம். வெளிச்சம் அப்படலத்தின் வழியே புகுந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. ஆகவே ஓவியத்தின் ஒளி முழுவதும் தாளினுடையது. வண்ணம் அதைக் குறைக்க மட்டுமே வல்லது. எண்ணெய் வண்ணத்தில் இருளின்மேல் வெளிச்சத்தைப் பூசலாம். இங்கு வெளிச்சத்தை முதலிலேயே ஒதுக்கிவைத்துவிட்டு, வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்தை நோக்கி நடக்கவேண்டும்.

இதை எங்களுக்கு உணர்த்தியது சாளரம். வங்காளத்தில் கொர்கொரி என வழங்கும் அச்சட்டக் கதவைப் பாதி திறந்துவைத்தால், பிற்பகல் மூன்று மணி வெயில் தரையில் ஏணிப்படிகளைப்போல் விழும். முதல் முயற்சியில் தரை முழுவதையும் சிவப்பாகப் பூசிவிட்டு, வெயில் கோடுகளைப் பின்னர் வெள்ளை வண்ணத்தால் இட்டோம். அவை வெயிலாகத் தோன்றவில்லை; சுண்ணாம்புக் கோடுகளாகத் தோன்றின. கணக்கேட்டில் பிழையான எண்ணை ஒரு கோடிட்டு அடித்து, அருகில் சுருக்கொப்பமிட்டுத் திருத்திப் பழகியவருக்கு, அடித்தெழுத வழியில்லாத இக்கலை பெரும் அதிர்ச்சியாக இருந்தது. ரப்பர் பாலைப் போன்ற மறைப்புத் திரவத்தைக் கோடுகளின்மேல் தடவிவிட்டு வண்ணம் பூசலாம் என்றறிந்து அதையும் செய்தோம். மழைக்காலப் புழுக்கத்தில் ஐந்தாறு நாள்கள் அதை உரிக்காமல் விட்டதால், உரித்தபோது தாளின் மேற்பரப்பும் சேர்ந்து வந்துவிட்டது. நான்காம் முறை எதையும் தடவாமல், கோடுகளுக்கு இடைப்பட்ட நிழல்களை மட்டும் ஒவ்வொன்றாக வரைந்தோம். நாங்கள் தொடாமல் விட்ட இடங்களில் வெயில் தானாக வந்து நின்றது.

தாளைப் பற்றி ஒரு சொல். சாதாரண வரைதாள் நனைந்தவுடன் அலையலையாகச் சுருங்கும். அப்பள்ளங்களில் வண்ணம் தேங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை கூடியதாயினும், அதைத் தவிர்த்துச் சேமிப்பது உண்மையான சேமிப்பன்று என்பது எங்கள் துணிபு. தூரிகையிலும் பெட்டியிலும் சிக்கனம் காட்டலாம். இரண்டு உருண்டைத் தூரிகைகள், ஒரு பட்டைத் தூரிகை, ஆறு வண்ணங்கள் ஆகியவற்றுக்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நல்ல தாளும் ஈரமான அலமாரியில் கிடந்தால் கெட்டுப்போகும். தாளின்மேல் ஏற்றப்பட்ட ஜெலட்டின் பசையைப் பூஞ்சை தின்றுவிடுவதால், அவ்விடங்கள் மையொற்றும் தாளைப்போல் வண்ணத்தை உறிஞ்சித் திட்டுத்திட்டாகும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது நன்று.

ஜூலையும் ஆகஸ்டும் எங்கள் கடுமையான ஆசிரியர்கள். காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும் அம்மாதங்களில் தாள் காய மறுக்கும். பொறுமையிழந்து மின்விசிறியைச் சுழலவிட்டால், ஓரம் மட்டும் உலர்ந்து நடுப்பகுதி குளமாக நிற்கும். நனைந்த தாளுக்கு ஒரே நிலைதான் உண்டு என்று எண்ணியிருந்தோம். உண்மையில் நான்கு உண்டு. தாளைக் கண்மட்டத்திற்கு உயர்த்திச் சாய்த்துப் பார்த்தால் அவை விளங்கும். முதலில் கண்ணாடியைப்போல் பளபளக்கும்; அப்போது இடும் வண்ணம் தன் விருப்பப்படி ஓடும். அடுத்து, பட்டுத்துணியின் மங்கிய மினுமினுப்பு. அந்நேரத்தில் இடும் வண்ணம் மென்மையான விளிம்புடன், இட்ட இடத்திற்கு அருகிலேயே நிற்கும். தொலைதூர மரங்கள், நிழலின் ஓரம், புகை ஆகியவற்றுக்கு உரிய வேளை அதுவே. மூன்றாவதில் மினுமினுப்பு மறைந்திருக்கும், தாள் உலர்ந்தது போலவே தோன்றும். ஆயினும் புறங்கையால் தொட்டால் குளிரும். அந்தக் குளிர்ச்சி, நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். நான்காவதே உண்மையான உலர்வு. மூன்றாம் நிலையில் தூரிகையை வைக்காமலிருப்பதுதான் இக்கலையின் பாதி என்று இன்று சொல்வோம். உயிரியல் கற்பித்தவர் இவ்விதியை விரைவில் பழகிக்கொண்டார். மற்றவர் பழகிக்கொள்ளச் செப்டம்பர் ஆயிற்று.

மூன்றாம் நிலையில் நீர் மிகுந்த தூரிகை பட்டால் என்ன நேரும்? புதிய நீர், குறைந்த ஈரமுள்ள பக்கத்தை நோக்கி நாற்புறமும் பரவும். பரவும்போது அங்கிருந்த நிறத்தூளைத் தள்ளிச் சென்று எல்லையில் குவிக்கும். நடுவில் வெளிறியும், ஓரத்தில் பற்கள் போன்ற கருங்கோட்டுடனும், காலிஃபிளவரைப் போன்றதொரு கறை எஞ்சும். தூரிகையிலுள்ள நீர் தாளிலுள்ள ஈரத்தைவிடக் குறைவாக இருந்தால் இக்கறை தோன்றாது. எங்கள் முதல் எட்டுத் தாள்களில் இக்கறை இல்லாத தாள் ஒன்றுகூட இல்லை.

ஒன்பதாம் தாள் கூடத்தின் மேற்குச் சுவர். அச்சுவரின் மேல்மூலையில், நாங்கள் குடிவந்த நாள்முதல் ஓர் ஈரக்கறை உண்டு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடுத்த மழையில் திரும்பிவிடும். அதை வரைய முற்பட்டபோதுதான் ஒன்று புலப்பட்டது. சுவரிலுள்ள கறையும் தாளில் நாங்கள் தவறாக உண்டாக்கும் கறையும் உருவத்தில் ஒன்றே. நீர் பரவி, தான் சுமந்து வந்ததை எல்லையில் விட்டுச் சென்றமையால் ஏற்பட்டவை. எனவே மங்கிய மஞ்சள் காவியைப் பூசி, மூன்றாம் நிலைக்குக் காத்திருந்து, வேண்டுமென்றே ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டோம். கறை தன்னைத்தானே வரைந்துகொண்டது. உரிமையாளரின் தாயார், நாங்கள் மாஷிமா என்றழைக்கும் எண்பது கடந்த மூதாட்டி, மாலையில் படியேறி வந்து அத்தாளை நெடுநேரம் பார்த்தார். 1978ஆம் ஆண்டுப் பெருமழையில் மாடிச்சுவர் ஊறியபோது தோன்றிய கறை அது என்றும், அவ்வாண்டு அந்த அறையில்தான் தம் கணவர் நோயுற்றுப் படுத்திருந்தார் என்றும் கூறினார். நாங்கள் அழகாக வரைந்திருந்த மாடிப்படிக்கட்டு அவர் கண்ணில் படவில்லை. கறையைக் கேட்டு வாங்கிச் சென்றார்.

கொல்கத்தாவில் இருந்துகொண்டு அந்நகருக்கே உரிய ஒரு முறையைப் பழகாமல் விடலாகாது. 1903ஆம் ஆண்டு ஜப்பானிய ஓவியர்களான யோகோயாமா தாய்கானும் ஹிஷிடா ஷுன்சோவும் அந்நகருக்கு வந்தனர். அவர்கள் வண்ணத்தை நீரால் நனைத்து மென்மையாக்குவதைக் கண்ட அவனீந்திரநாத் தாகூர், அதனின்றும் தமக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். வண்ணம் தீட்டிய தாள் காய்ந்ததும் அதை முழுவதுமாக நீரில் நனைத்தெடுத்து, மீண்டும் தீட்டி, மீண்டும் நனைப்பது அம்முறை. 1905ஆம் ஆண்டு அவர் வரைந்த பாரத மாதா ஓவியத்தில் காணும் பனிமூட்டம் போன்ற ஒளி அவ்வாறு பிறந்ததே. நாங்கள் குளியலறையின் சௌபாச்சாவில், அதாவது அந்தச் சிமென்ட்டுத் தொட்டியில், பின்கட்டு வராந்தாவை வரைந்த தாளை முழுகவைத்தோம். அல்ட்ராமரின் நீலத்தின் பெரும்பகுதி புகையாய்ப் பிரிந்து நீரோடு போயிற்று. கருஞ்சிவப்போ தாளின் இழைகளுக்குள் ஊறித் தங்கிவிட்டது. பிசின் எப்போதும் நீரில் கரையக்கூடியது. ஆகவே நனைத்த பின்னும் நிலைப்பது, இழைகளுக்குள் புகுந்துவிட்ட நிறமே. எந்த நிறம் தங்கும், எது விடைபெறும் என்பதை ஒரே முழுக்கில் கற்றுக்கொண்டோம். வராந்தா சற்று ஊதா நிறமாகிவிட்டது என்பது வேறு.

நவம்பரில் காற்று வறண்டது. அதே தாள் இப்போது சில நிமிடங்களில் காய்ந்தது. ஈரத்தை நம்பிய எங்கள் பழக்கங்கள் யாவும் பயனற்றுப் போயின. ஒரு படலம் முற்றிலும் உலர்ந்தபின் அதன்மேல் மற்றொரு மெல்லிய படலத்தை ஏற்றும் முறைக்கு மாறினோம். காய்ந்த சாளரத்தின் தேய்ந்த பச்சைக்கு விரிடியனோடு சிறிது பர்ன்ட் சியன்னா; நிழலுக்கு அதே சியன்னாவோடு அல்ட்ராமரின். வண்ணம் காயும்போது ஒரு படி வெளிறும் என்பதை மனத்திற்கொண்டு, வேண்டியதைவிடச் சற்று அடர்த்தியாகவே இட்டோம்.

தரைதான் இறுதிவரை அடங்கவில்லை. பெட்டியிலிருந்த எந்தச் சிவப்பும் அச்சிவப்பாகவில்லை. ஒன்று இரத்தமாயிற்று, மற்றொன்று செங்கல்லாயிற்று. பொருள்களை மூட்டை கட்டும்போது, தரையின் விரிசலைப் பூச எப்போதோ வாங்கிய ரெட் ஆக்சைடு தூளின் பாதிப் பொட்டலம் பரணில் கிடைத்தது. சிமென்ட்டுத் தரைக்குச் சிவப்பூட்டும் அத்தூள் இரும்பு ஆக்சைடு. ஓவியர்கள் இந்தியன் ரெட் எனப் பெயரிட்டு வாங்கும் வண்ணமும் இரும்பு ஆக்சைடே. ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது தேன் சேர்த்தோம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, படச்சட்டத்தின் கண்ணாடிமேல் தூளைக் கொட்டி, தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குவளையால் அரை மணி நேரம் அரைத்தோம். பிசின் குறைந்தால், காய்ந்தபின் தூள் விரலில் ஒட்டும், மிகுந்தால் வெடிக்கும். மூன்றாம் முறை சரியாக வந்தது. சற்று நறநறப்பான வண்ணம். தாளின் குழிகளில் படிந்து, மெருகு தேய்ந்த தரையைப் போலவே தோன்றியது. கடைசி ஆறு தாள்களின் தரை முழுவதும் அத்தூளால் ஆனது.

ஓவியங்கள் இப்போது எங்கள் புதிய குடியிருப்பில் உள்ளன. நேர்வெயில் படாத நடைவழியில் மூன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடையே தடித்த அட்டை வைக்கப்பட்டிருக்கிறது. மற்றவை உறையில் கிடக்கின்றன. அடுக்களைச் சாளரத்திற்கென ஒதுக்கிய 24ஆம் தாளை மட்டும் தொடங்கவில்லை. எதிர்க்கட்டடத்தின் உச்சியைத் தாண்டி அச்சாளரத்தில் வெயில் விழுவது மாசி மாதத்தில்தான். நாங்கள் மார்கழியில் புறப்பட்டுவிட்டோம்.