சக்கரத்தில் வந்த கீர்த்தி

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நின்று பனிச்சறுக்கைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் நகைப்பார்கள். பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க இயலாது. பனிக்கட்டியைக் காணச் சர்பத் கடைக்குத்தான் போகவேண்டும்.

ஜப்பானின் சங்கதி வேறு. வடக்கேயுள்ள ஹொக்கைடோ தீவின் குளிரில் பிறந்து வளர்ந்த ஷிமிஸு ஹிரோயாஸு என்பவர், ஐந்தரை அடி உயரங்கூட இல்லாதவர், 1998-ல் தம் நாட்டு நாகானோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில் 500 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்றார். தேசமே அவரைக் கொண்டாடிற்று.

பனியில்லாத தமிழ்நாட்டுக்கு இத்தகைய கீர்த்தி உண்டா? உண்டு. நம்மவர் ஓடியது கத்தி பூட்டிய பாதரட்சையில் அல்ல, சக்கரம் பூட்டிய பாதரட்சையில். அவர் சென்னை இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார்.

2021-ல் கொலம்பியா தேசத்து இபாகே நகரில் நடந்த உலகப் போட்டியில், இளையோர் பிரிவில் 15 கிலோமீட்டர் ஓடி வெள்ளி பெற்றார். ஓட ஓடக் கடைசியில் வருபவரை ஒவ்வொருவராக விலக்கும் பந்தயம் அது. கால் வலுவோடு நிதானமும் வேண்டும். 2023-ல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடரோட்டக் குழுவினருடன் வெண்கலம். 2025 ஆகஸ்டில் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டில் 1000 மீட்டரில் மற்றொரு வெண்கலம். அடுத்த மாதமே சீனாவின் பெய்தாய்ஹே நகரில் உலகப் போட்டி: 500 மீட்டரில் வெண்கலம், 1000 மீட்டரில் தங்கம், 42 கிலோமீட்டரில் மீண்டும் தங்கம்! பாய்ந்து ஓடுபவர் வேறு, நின்று ஓடுபவர் வேறு என்பார்கள், இவர் இரண்டுமானார். இந்த விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே.

பிரதமர் வாழ்த்தினார், பத்திரிகைகள் படம் போட்டன. ஆயினும் கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் நம் மாணவர்களிடம் இவர் பெயரைக் கேட்டபோது வகுப்பில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. சக்கர ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம் பெறாதது ஒரு காரணம். ஆனால் அதிலும் வழி உண்டு: வெப்பம் மிகுந்த புளோரிடாவில் சக்கரத்தில் ஓடிப் பழகிய எரின் ஜாக்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பின்னர் பனிக்கட்டிக்கு மாறி, 2022-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கத்தை வென்றார்.

கை உயர்த்திய சிறுவன் இப்போது ஓடுவதில்லை. தெருவில் பழகியவனை லாரிக்குப் பயந்து தகப்பனார் நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வண்டி வராத, வழவழப்பான சிமெண்டுத் தரை ஒன்று ஊருக்குள் இருந்து, மாலையில் இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்கென்று விட்டால் போதும். அவரே மகனை அழைத்து வருவார். வென்று வந்தவனுக்கு மாலை போடுவது எளிது. ஓடப் போகிறவனுக்குத் தரை போட்டுக் கொடுப்பதல்லவா நம் கடமை?