சின்னத் தேளும் சின்ன மாத்திரையும்

நெல்லைப் பக்கம் தேள் என்றால் முதலில் நட்டுவாக்காலிதான் நினைவுக்கு வரும். கன்னங்கரேலென்று, நண்டுபோல் கொடுக்கை விரித்தபடி அது வாசலில் நின்றால் வீடே அலறும். ஆனால் அதன் கொட்டு பெரும்பாலும் வலியோடு போய்விடும். உயிருக்கு உலை வைப்பது செங்கல் அடுக்கிலும் விறகுக் கட்டிலும் பதுங்கியிருக்கும் விரல் நீளச் செந்தேள். 1798-ல் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் அதற்குச் சூட்டிய அறிவியல் பெயரிலேயே தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'டாமுலஸ்'.

செந்தேள் விஷம் ஏறினால் உடம்பு தெப்பமாய் வேர்க்கும், வாந்தி வரும், கை கால் சில்லிடும். விஷம் நரம்புகளை முடுக்கிவிட, அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ரத்தத்தில் பாய்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அந்த அழுத்தத்தை மீறி ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் திணற, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. மூச்சு இரைக்கும், இருமினால் இளஞ்சிவப்பு நுரை வரும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

நுரையீரலில் நீர் என்றால் வழக்கமாகப் போடுவது லேசிக்ஸ் ஊசி. இதய நோயாளியின் உடம்பில் தேங்கிய நீரை அது சிறுநீராக இறக்கிவிடும். தேள் கொட்டியவரோ வேர்வையிலும் வாந்தியிலும் ஏற்கெனவே நீர் வற்றிப்போனவர். இங்கே இறுகிய குழாய்களைத் தளர்த்துவதுதான் முதல் வேலை.

இந்தச் சூட்சுமத்தைப் பிடித்தவர் மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் பணியாற்றிய கிராமத்து மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பார்த்து, 1986-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு 4-க்கும் கீழே இறங்கியது. மாத்திரையோடு விஷமுறிவு மருந்தும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தேறுவதை அவர் குழு 2011-ல் காட்டியது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நெல்லைப் பக்கம் பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வேர்வையும் வாந்தியும் தொடங்கிவிட்டால் மந்திரிக்கவோ பச்சிலை தேடவோ நேரமில்லை. 108-ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தால் பாதி ஆபத்து வழியிலேயே குறையும். நுரை தள்ளும் அளவுக்கு முற்றிவிட்டால் ஆக்சிஜனும் ரத்தக் குழாய் வழியே ஏற்றும் நைட்ரோகிளிசரினும் தேவைப்படும்.

மாத்திரை போட்டவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். அதனால் படுக்க வைக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கொரு முறை மருந்து தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் காய்ந்து, பாதத்தில் சூடு திரும்பிய பிறகுதான் மாத்திரையை நிறுத்துவார்.