கையளவு உலகம் – 14: கப்பலின் இடது பக்கம்

வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் மையக் கூடத்தில் நிஜமாகவே பறந்த விமானங்களை வைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கை லிண்ட்பெர்க் தனியாளாகக் கடந்த விமானம் அங்கே இருக்கிறது. ஒலியின் வேகத்தை முதன்முதலில் தாண்டிய பெல் எக்ஸ்-1 இருக்கிறது. 2016 ஜூலையில் அந்தக் கூடத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியும் வந்து சேர்ந்தது. பாப்ளர் மரம், பிளாஸ்டிக், தகடு எல்லாம் சேர்த்துச் செய்த ஒரு மாடல் அதற்குள் இருந்தது. பதினோரு அடிக்குச் சற்று அதிகமான நீளம், சுமார் 90 கிலோ எடை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வந்த ‘எண்டர்பிரைஸ்’ விண்கப்பல்தான் அது.

உலகிலேயே அதிகம் பேர் நகல் செய்து பார்த்த மாடல்களில் ஒன்று. ஆனால் படப்பிடிப்பு நடந்த காலம் முழுக்க அதன் இடது பக்கம் முடிக்கப்படாமலே இருந்தது. கடந்த வாரங்களில் பெயின்ட் பற்றி எழுதியபோது, விளக்குக்குத் தனி அத்தியாயம் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். விளக்கைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை இந்த இடது பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

கப்பலை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ். வரைபடத்தைப் பார்த்து முதலில் மூன்றடி மாடலைச் செய்தவர் ரிச்சர்ட் டேட்டின். பெரிய மாடலுக்கான வேலையை கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் வோல்மர் ஜென்சனின் பட்டறைக்குக் கொடுத்தார்கள். 1964 டிசம்பர் கடைசியில் அது தயாரானது. அப்போது அதில் ஒரு விளக்குகூட இல்லை. தொடரின் முதல் முன்னோட்டப் படத்தில் (பைலட் எபிசோடில்) கப்பல் அப்படித்தான் வருகிறது: ஜன்னல்களில் வெளிச்சம் இல்லை, எஞ்சின் முனைகளில் அசைவு இல்லை.

1965-இல் இரண்டாவது முன்னோட்டம் எடுக்கும்போது ஜன்னல்களில் வெளிச்சம் வேண்டும் என்றார்கள். செய்து முடித்த மரக் கப்பலைத் துளைத்து, உள்ளே பல்புகளை வைத்து, ஒயர்களை இழுக்க வேண்டியதாயிற்று. 1966-இல் தொடர் ஆரம்பிக்கும்போது எஞ்சின் குழாய்களின் முனையில் சுழலும் ஒளியும் சேர்ந்துகொண்டது. இத்தனை ஒயர்களும் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். இடது பக்கமாக வந்தன. அதனால் கேமரா வலது பக்கத்தை மட்டுமே பார்த்தது. கப்பல் எதிர்த்திசையில் போவதுபோல் காட்ட வேண்டுமென்றால் எழுத்துகளையும் எண்களையும் கண்ணாடி பிம்பமாக அச்சடித்து வலது பக்கத்திலேயே ஒட்டிப் படமெடுத்து, பிறகு ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள்.

அந்த எஞ்சின் முனைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. மங்கலாக்கிய அரைக்கோள மூடி. அதற்குள் மோட்டாரில் சுழலும் தகடுகள். பின்னால் அணைந்து அணைந்து எரியும் கிறிஸ்துமஸ் மர பல்புகள், அதாவது நம் ஊர் சீரியல் லைட். ஒளி சிதறுவதற்காக உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் சாமான்கள். திரையில் அது ஏதோ பெரும் சக்தியை உள்ளிழுத்துச் சுழற்றும் எஞ்சினாகத் தெரிகிறது. இன்று இதே விளைவுக்காக மைக்ரோ கன்ட்ரோலரில் புரோகிராம் எழுதும் மாடல் கலைஞர்கள், அந்தப் பல்புகளின் தாறுமாறான துடிப்பைக் கொண்டுவரத்தான் மெனக்கெடுகிறார்கள். ஒழுங்காகச் சுற்றும் ஒளி சில விநாடிகளில் அலுத்துவிடும். மூன்று நான்கு வண்ணங்கள் வெவ்வேறு வேகத்தில் துடித்தால்தான் கண் அங்கேயே நிற்கும்.

ஆக, முதலில் கட்டு, பிறகு பெயின்ட், கடைசியில் விளக்கு என்ற வரிசையில் போனதால் ஒரு பக்கத்தையே பலி கொடுக்க வேண்டி வந்தது. கேமராவுக்கு ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும், ஸ்டூடியோ சமாளித்துவிட்டது. நம் மேஜைமேல் இருக்கும் மாடலை வீட்டுக்கு வருகிறவர்கள் சுற்றி வந்து, குனிந்து, எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே ஒட்டிச் செய்யும் மாடல் கிட்டின் பெட்டியைத் திறந்ததும் பசையை எடுக்காதீர்கள். விளக்கு எங்கே எரியும், ஒயர் எந்த வழியாக இறங்கும், மின்சாரம் எங்கிருந்து வரும் என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். கப்பலைத் தாங்கும் தண்டைப் பித்தளைக் குழாயாக வைத்தால் ஒயர்கள் அதற்குள்ளேயே பீடத்துக்கு இறங்கிவிடும். குழாய்க்கான துளையை, இரண்டு பாதி உடலையும் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எண்டர்பிரைஸ் கிட்டுகளில் இப்போது பலரும் தேடுவது போலார் லைட்ஸ் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த 1/350 அளவு கிட். கதைப்படி 289 மீட்டர் நீளக் கப்பல் இதில் சுமார் 82 சென்டிமீட்டர். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டால் அது 35 சென்டிமீட்டர் ஜன்னலுக்குச் சமம். கால் மில்லிமீட்டர் ஆப்டிக் ஃபைபர் இழையின் முனை ஒன்பது சென்டிமீட்டர் விளக்காகத் தெரியும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பவர் பெரிய துளை போடமாட்டார். அளவு தவறினால் கண்ணை முதலில் உறுத்துவது விளக்குகள்தான்.

இனி பெயின்ட். ஆனால் முதல் பெயின்ட் உட்புறத்துக்கு, அதுவும் கறுப்பு. கிட்டின் பிளாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன்தான். உள்ளே எல்இடி எரிந்தால் சுவரே ஒளிரும். எஃகுக் கப்பல் காகிதக் கூடு ஆகிவிடும். எனவே உள்ளே கறுப்பை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடித்து, காய்ந்த பிறகு அதன்மேல் வெள்ளை அல்லது வெள்ளி. கறுப்பு ஒளியை வெளியே விடாது. வெள்ளை அதை உள்ளே சுற்றவிடும். அறை விளக்கை அணைத்து, எல்இடியை எரியவிட்டு, எல்லாக் கோணத்திலும் பார்த்த பிறகே அடுத்த வேலை. ஒளி கசிவது பெரும்பாலும் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில். அங்கே உட்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, அதன்மேல் அலுமினிய டேப் போட்டால் அடங்கும். மாடல் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. யாருமே பார்க்கப்போகாத சுவருக்கு இவ்வளவு கவனமாக வண்ணம் தீட்டுவது இந்தக் கலையில் மட்டும்தான் என்று தோன்றும்.

எல்இடியை நேராக ஜன்னலைப் பார்த்து வைக்கக் கூடாது. அது ஒரே புள்ளியாகக் கண்ணைக் குத்தும். பக்கத்து ஜன்னல் இருண்டு கிடக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். எதிரொளித்து வரும் வெளிச்சம் எல்லா ஜன்னலுக்கும் சமமாகப் பரவும். எல்இடியின் தலையை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மங்கலாக்கினாலும் ஒளி அகலும். வெளிச்சத்தின் நிறத்தையும் யோசிக்க வேண்டும். அறுபதுகளின் கப்பலில் எரிந்தது இழை பல்பு. அதற்கு 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் கலந்த வெள்ளைதான் பொருத்தம். 6000 கெல்வின் நீலவெள்ளை போட்டால் கப்பல் மருத்துவமனை வராந்தாவாகிவிடும். எல்லா ஜன்னலையும் எரியவிடவும் வேண்டாம். சிலவற்றை இருட்டாக விட்டால்தான் உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள், சிலர் விழித்திருக்கிறார்கள் என்ற உணர்வு வரும்.

மின்கணக்கு எளிது. 9 வோல்ட் பேட்டரி, வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் போக மிச்சம் 6 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் போக வேண்டுமானால் 300 ஓம். கடையில் கிடைப்பது 330. ஆனால் மாடலுக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையே இல்லை. 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 6 மில்லி ஆம்பியர்தான் போகும். இருட்டறையில் அதுவே தாராளம். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை நேராகப் பேட்டரியில் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஒட்டி மூடிய கப்பலுக்குள் ஒரு எல்இடி கருகினால் அதை மாற்ற வழியே கிடையாது.

சிறு விளக்குகளுக்கு ஃபைபர் இழை. துளையில் இழையைச் செருகி உட்பக்கம் ஒட்டிவிட்டு, வெளியே ஓரிரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட வேண்டும். மாடல் அப்போது முள்ளம்பன்றிபோல் நிற்கும். அப்படியே பிரைமர், பிறகு ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சுகள், எல்லாம் அடித்து முடித்த பின்பே இழைகளை மேற்பரப்போடு சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டிய முனையில் பெயின்ட் இருக்காது. அங்கே ஒளி பளிச்சென்று வரும். முன்பே வெட்டிவிட்டால் ஒவ்வொரு முனையையும் பெயின்ட் அடைத்துவிடும்.

ஜன்னல் கண்ணாடிகளை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஃபெவிகால் வகைப் பசை போதும். சிறிய ஜன்னல்களை அந்தப் பசையாலேயே நிரப்பலாம், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

வெளிப்புற வண்ணத்தில்தான் எண்டர்பிரைஸ் ரசிகர்களுக்குள் பல வருஷச் சண்டை. தொலைக்காட்சியில் அது சில காட்சிகளில் வெள்ளை, சிலவற்றில் சாம்பல், சிலவற்றில் நீலம். பின்னணியைப் பிறகு மாற்றிக்கொள்வதற்காக நீலத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார்கள். அந்த நீலம் கப்பலின் மேலும் படிந்தது. பிறகு ஃபிலிமும் அச்சும் தங்கள் பங்குக்கு நிறத்தை மாற்றின. மாடல் 1974-இல், அந்த வாஷிங்டன் அருங்காட்சியகத்தை நடத்தும் ஸ்மித்சோனியனுக்கு வந்ததிலிருந்து பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, வண்ணமும் பூசப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் தகட்டுக் கோடுகளை அழுத்தமாகத் தீட்டியது பலருக்கும் பிடிக்கவில்லை. மாடலைப் பல வருஷம் அருங்காட்சியகத்தின் கடைப் பகுதியில்கூட வைத்திருந்தார்கள்.

2014-இல் தொடங்கிய கடைசிச் சீரமைப்பு எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி. மாடலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் ஏறிய பெயின்ட்டை அடுக்கடுக்காக நீக்கினார்கள். கப்பலின் முன்பகுதியான வட்டத் தட்டின் மேற்பரப்பில் மட்டும் அறுபதுகளின் பெயின்ட் யாராலும் தொடப்படாமல் மிஞ்சியிருந்தது. அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மற்ற பகுதிகளின் நிறத்தை அதற்கு இணங்கக் கலந்தார்கள். பச்சைச் சாயல் லேசாக ஓடும் வெளிர் சாம்பல். அழுத்தக் கோடுகள் இல்லை. தட்டின் மேல் மெல்லிய பென்சில் கோடுகள் மட்டும். உள்ளே பழைய பல்புகளின் இடத்தில் எல்இடி, ஆனால் எஞ்சின் முனைகளில் அதே சீரியல் லைட்டின் துடிப்பு. ஒரு மாடலை இவ்வளவு மரியாதையோடு நடத்தியதைப் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. வண்ணம் பார்க்க வேண்டுமென்றால் புகைப்படத்தை நம்பாதீர்கள், மிஞ்சியிருக்கும் பெயின்ட்டைத் தேடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

விளக்கை முதலிலேயே யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கப்பலில் சான்று உண்டு. 1979-இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்துக்காக மேஜிகாம் நிறுவனம் சுமார் எட்டடி நீளத்தில் புதிய எண்டர்பிரைஸைச் செய்தது. உள்ளே அலுமினியச் சட்டம், விளக்குக்கான ஏற்பாடு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே. சிறப்பு விளைவுக் காட்சிகளை எடுத்த டக்ளஸ் ட்ரம்புல் ஒரு கேள்வி கேட்டார்: ஆழ்ந்த விண்வெளியில் சூரியன் இல்லை, அங்கே கப்பலின் மேல் வெளிச்சம் எங்கிருந்து விழும்? கப்பலே தன்மேல் வெளிச்சம் போட்டுக்கொள்ள வேண்டும். பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடிகளை வைத்து ஒளிக்கற்றைகளைத் திருப்பி, கப்பலின் விளக்குகளே அதன் பெயரையும் கழுத்தையும் காட்டுவதுபோல் செய்தார். அந்த ஒளி விழுவதற்கென்றே பால் ஓல்சன் பேர்ல் பெயின்ட்டில் தகடு தகடாகத் தீட்டியிருந்தார். பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும். அதே மாடலை 1982-இல் இரண்டாம் படத்துக்காக நீலத் திரைக்கு முன் நிறுத்தியபோது அந்த மினுக்கு தொல்லையாகிவிட்டது; மங்கலாக்கித்தான் எடுத்தார்கள். எந்த விளக்கில் பார்க்கப்போகிறோமோ அந்த விளக்கில்தான் பெயின்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலமாரியில் டியூப்லைட் எரியும் என்றால் டியூப்லைட்டின் கீழேயே கலந்து பாருங்கள்.

கடைசியில் வருவது டெக்கால், அதாவது எழுத்துகளும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம். பளபளப்பான வார்னிஷ் பூச்சின் மேல் ஒட்டினால்தான் அடியில் காற்று தங்கி வெள்ளிபோல் மின்னாது. ஒட்டி முடித்த பிறகு மேட் பூச்சு. ஏஎம்டி நிறுவனம் 1966-இல் விற்கத் தொடங்கிய முதல் எண்டர்பிரைஸ் கிட்டின் டெக்கால் தாளுக்கு ஒரு பெருமை உண்டு. மறு ஆண்டு ஒரு எபிசோடுக்குச் சிதைந்த இன்னொரு கப்பல் தேவைப்பட்டது. தயாரிப்பாளர்கள், கடையில் விற்ற அந்த கிட்டையே வாங்கி ஒட்டி, சூடுபட வைத்து உருக்குலைத்தார்கள். எண்டர்பிரைஸின் எண்ணான 1701-ஐ இடம் மாற்றி 1017 என்று ஒட்டினார்கள். சிறுவர்கள் வாங்கிய அதே பெட்டி திரைக்குள் போய்விட்டது.

அடுத்த வாரம் அதே திசையில் இன்னும் கொஞ்ச தூரம் போவோம். 1975-இல் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்குக்குள் சில இளைஞர்கள் டாங்கி கிட்டுகளையும் போர்க்கப்பல் கிட்டுகளையும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்து, அந்தத் துண்டுகளால் ‘ஸ்டார் வார்ஸ்’ கப்பல்களைக் கட்டினார்கள். எந்தத் துண்டை எங்கே ஒட்டினார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)