சந்தனம் யார் வீட்டுத் தண்ணீர் குடிக்கிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அரை ஏக்கரில் சந்தனக் கன்று நட்டாராம். சொட்டுநீர் போட்டு, தொழுவுரம் வைத்து, சுற்றிலும் புல் பூண்டு இல்லாமல் களையெடுத்தாராம். சில மாதங்கள் தளதளவென்று நின்ற கன்றுகள் இப்போது மஞ்சளடித்துவிட்டன. “ஏக்கருக்குக் கோடி ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து நட்டேன். எதில் குறை வைத்தேன்?” என்று கேட்கிறார்.

களையெடுத்ததுதான் குறை. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. மாமரத்தில் தொற்றி நிற்கும் புல்லுருவிக்கு உறவுக்காரன். இலை பச்சை, அதனால் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீருக்கும் உப்புக்கும் பக்கத்துச் செடியின் வேரை நாடும். விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்த பிறகு அண்டை வீடு இல்லாத கன்று வாடத் தொடங்குகிறது.

மண்ணுக்குள் நடப்பதுதான் என்னை மயக்குகிறது. சந்தன வேர் இன்னொரு வேரை ஒட்டிச் செல்லும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு மொட்டு கிளம்பும். அது மணிபோல வாய் அகன்று அந்த வேரைக் கவ்வும். மணியின் நடுவிலிருந்து ஒரு முளை பட்டையைத் துளைத்து உள்ளே போய், நீரேற்றும் குழாயான சைலத்தை எட்டி, குழாயோடு குழாயாக இணைந்துவிடும். இந்த உறுப்பின் பெயர் ஹாஸ்டோரியம். பெரும்பாலும் மிளகளவுதான் இருக்கும்.

இணைப்பு கொடுத்துவிட்டால் தண்ணீர் வந்துவிடுமா? கோடையில் நம் தெருக்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். குழாய் எல்லா வீட்டுக்கும் பொது. மோட்டார் வைத்து இழுக்கும் வீட்டுக்குத்தான் தண்ணீர். சந்தனத்தின் மோட்டார் இலையில் இருக்கிறது. நீராவிப்போக்காலும் இலைச்சாற்றை அடர்த்தியாக வைத்திருப்பதாலும் பக்கத்து மரத்தைவிட அதன் இழுவை கூடுதல். ஆகவே அடுத்தவர் சைலத்தில் ஏறும் நீர் பாதி வழியில் திரும்பிச் சந்தனத்துக்கு வருகிறது.

வருவது வெறும் தண்ணீரும் இல்லை. அண்டை வீடு துவரையாக இருந்தால், அதன் வேர்முடிச்சில் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் சேர்மங்களாக அந்த நீரில் கரைந்திருக்கும். துவரைக்காக பாக்டீரியா ஆக்கியதில் சந்தனத்துக்கும் ஒரு பங்கு. தொட்டிச் சோதனைகளில் பயறுவகைத் துணையோடு வளர்ந்த கன்றுகள் முந்துவது இதனால்தான்.

உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். நாற்றங்கால் பையில் கூட நிற்கும் பொன்னாங்கண்ணி, ஒண்டுக் குடித்தனம். வயலில் துவரை, இரண்டு வருட வாடகை வீடு. அதற்குப் பிறகு சவுக்கும் புங்கனும் ஆழ்துளைக் கிணறு போட்ட நிரந்தர வீடுகள். இப்படிச் சந்தனம் குழாய் இணைக்கும் தாவர இனங்கள் 300-க்கு மேல். எதுவுமே கிடைக்காவிட்டால் இன்னொரு சந்தனத்தின் வேரையே கவ்வும்: தொட்டி காய்ந்த வீட்டில் தொட்டி காய்ந்தவர் போட்ட மோட்டார் அது.

வரலாறு சுருக்கமாக. சந்தன வேரின் இந்த ஒட்டுண்ணிக் குணத்தை 1871-இல் கண்டு சொன்னவர் ஜான் ஸ்காட். சென்னை மாகாணத் தாவரவியலாளர் சார்லஸ் பார்பர் 1906-இல் ஹாஸ்டோரியத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பிற்பாடு கோவையில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவரும் இவரே. சட்டத்தின் கதை வேறு: தமிழ்நாட்டில் பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று ஆனது 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான்.

விளம்பரங்கள் பிறந்தது அதன் பின்னால். அவை மரங்களை எண்ணி, கிலோ விலையால் பெருக்குகின்றன. விலை மரத்துக்கு இல்லை, சேகுக்கு. அதாவது வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்கு. வெளிக்கட்டையில் வாசனை எண்ணெய் கிடையாது. சேகு ஏறத் தொடங்கவே ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகும். ஒரே வயது, ஒரே தோட்டம், ஆனாலும் ஒரு மரத்தில் சேகு இருக்கும், அடுத்ததில் இராது. வேகமாகப் பருத்த மரம் என்பதால் சேகு மிகும் என்ற உறுதியும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் நம் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பயிரிட்ட பெரிய நிறுவனமே 2018-இல் கடன்காரர்கள் கைக்குப் போனது. சேமிப்பையெல்லாம் இதில் போடும் சிறு விவசாயியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்டும்போது வனத்துறை அனுமதி வேண்டும், அதுவரை திருடர்களிடமிருந்து காக்கவும் வேண்டும்.

வாசகருக்கு என் பதில்: அடுத்த மழைக்கு ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு முழம் தள்ளித் துவரை ஊன்றுங்கள். இடையிடையே சவுக்கோ புங்கனோ நடுங்கள். புல்லைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். சில மாதம் கழித்து, இரண்டு செடிக்கும் நடுவே மண்ணை விரலால் மெல்லப் பறித்து, வேர்களைக் கழுவிப் பாருங்கள். துவரை வேரில் மிளகளவு மணி ஒன்று தொற்றியிருந்தால், உங்கள் கன்றுக்குத் தண்ணீர் இணைப்பு கிடைத்துவிட்டது.