உங்களுக்குத் தெரியுமா? பேய் பேசும் மொழி

தமிழில் பேய்ப்பட ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் படங்களில், ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) முற்பிறவி நினைவையும், 'யார் நீ?' (1966) பேயெனத் தோன்றும் உருவத்துக்குப் பின்னாலிருந்த மனிதச் சூழ்ச்சியையும் கதைப்பொருளாகக் கொண்டன.

இவ்வகைப் படங்களுள் மாநில எல்லைகளை மிக எளிதாகக் கடந்தது, ஃபாசில் மலையாளத்தில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' (1993) எனலாம். பிளவுபட்ட ஆளுமை, அதாவது ஒருவர் தம்மை வேறொருவராகவே உணரும் மனநோய், அதன் மையக்கரு. அதிலே மலையாளப் பெண்ணுக்குள் எழும் நாகவல்லி தமிழ் பேசும் தஞ்சாவூர் நடனமாது. அதே கதையைப் பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) என்றும் தமிழில் 'சந்திரமுகி' (2005) என்றும் எடுத்தபோது, அவள் தெலுங்கு பேசலானாள். அச்சம் எப்போதும் அண்டை வீட்டு மொழியிலேயே வந்தது போலும்.

கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் கோலார் தங்கவயலில் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. அவ்வயலின் பொன்னைக் காக்கும் ஆரத்தி என்னும் அமானுஷ்யப் பெண்ணை, பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-இல் திரைக்குக் கொண்டுவந்தது. அவள் பேசியது தமிழ்.